முதலைப் பக்கத்து வீடு

என் மச்சானை நம்பி நான் செஞ்ச காரியம் ரெண்டு. ஒண்ணு, அவர் தங்கச்சியைக் கல்யாணம் பண்ணிக்கிட்டது. அதுல ஒரு குறையும் இல்ல. இன்னொண்ணு, அவர் காட்டின வீட்டை வாங்கினது.

"கடைசி வீடு மாப்பிள்ளை. பின்னாடியே கால்வாய். காத்து பிச்சுக்கிட்டு வரும். யோசிக்காம எடுங்க"ன்னார். யோசிக்காம எடுத்தேன். காத்தும் வந்தது, பொய் சொல்லக் கூடாது. அப்புறம் அதே கால்வாய் வழியா முதலையும் வந்தது.

கால்வாய்க்கு மேல்பக்கம் ஒரு முதலைப் பண்ணை இருக்கு. மழைக்கு அதோட சுத்துச்சுவர் விழுந்துடுச்சு. பண்ணை மேலாளர் டிவியில வந்து விளக்கம் கொடுத்தார். "முதலைகள் தப்பிக்கலை. தப்பிக்கறதுன்னா அதுக்கு ஒரு திட்டம் வேணும். இதுங்க தண்ணி போன பக்கம் போயிருக்கு, அவ்வளவுதான். பொதுமக்கள் பதற வேண்டாம், முதலைகளையும் பதற வைக்க வேண்டாம்"னார். எத்தனை போச்சுன்னு கேட்டாங்க. "எண்ணிக்கிட்டு இருக்கோம்"னார். கையில இல்லாததை எப்படிய்யா எண்ணுவீங்கன்னு கேட்க அங்க ஒரு ஆள் இல்ல.

சேதி வந்த அன்னைக்கு எங்க குடியிருப்பே கிடுகிடுத்துப் போச்சு. பால் வாங்கப் போறவங்க எல்லாரும் கையில குடையோட போனாங்க, வெயிலும் இல்ல மழையும் இல்ல. காலையில நடக்கப் போற கூட்டம் மொட்டை மாடியில ஏறி வட்டம் போட்டது. மறுநாள் பயம் கொஞ்சம் தெளிஞ்சதும் அதே கூட்டம் போனைத் தூக்கிக்கிட்டு படம் பிடிக்கக் கால்வாய்க்கு வந்துடுச்சு. மிதக்கிற கட்டையை எல்லாம் படம் பிடிச்சுப் போட்டாங்க. ஒரு கட்டைக்குக் கீழ ஊர்ப்பட்ட பேர் 'பாவம், அதுவும் ஒரு உயிர்தானே'ன்னு எழுதியிருந்தாங்க. எதிர் வரிசை பல் டாக்டர் முதலையைக் கண்ணால பார்க்காமலேயே அதோட பல்லைப் பத்தி உயர்வாப் பேசினார். டியூஷன் டீச்சர், முதலை துரத்தினா வளைஞ்சு வளைஞ்சு ஓடணும்னு பிள்ளைங்களைத் தெருவுல ஓட விட்டுப் பழக்கினாங்க. ரெண்டு பிள்ளைங்க வளைஞ்சு வந்து ஒண்ணோட ஒண்ணு மோதி மண்டை வீங்கினதுதான் அந்த வாரம் முதலையால எங்களுக்கு வந்த ஒரே சேதம்.

உடனே நலச்சங்கம் கூடிடுச்சு. எங்க சங்கத்தைப் பத்திச் சொல்லணும். அதுக்குத் தலைவர் ஒரு ரிட்டயர்டு நில அளவை அதிகாரி. வாழ்நாள் பூரா கோடு போட்டவர். பேசும்போதுகூட ஸ்கேலைக் கையில வெச்சுக்கிட்டுத்தான் பேசுவார். செயலாளர் வேற யாரு, என் மச்சான்தான். கூட்டத்துல ஒரே சடங்கு. தலைவர் தீர்மானத்தைப் படிப்பார், "ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க"ன்னு சொல்வார், மச்சான் எண்ணுவார், அப்புறம் டீ. தூக்காதவங்களுக்கு டீ வராதுன்னு சட்டம் எதுவும் கிடையாது. ஆனா வந்ததில்ல.

அன்னைக்குத் தீர்மானம், கால்வாய்ப் பக்கம் வேலி போடறது. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. கால்வாயை ஒட்டி இருக்கற ஒரே வீடு என்னோடது. நான் கண்ணாடிக் கடைக்குப் போயிட்டா, நாள் பூரா லென்ஸ் தேய்ச்சு ஃபிரேம்ல மாட்டறதுதான் என் வேலை, வீட்டுல என் மனைவி ஒத்தை ஆளாத் தையல் மெஷின்ல உட்கார்ந்திருப்பா. எனக்காகத்தான் ஊரே கூடியிருக்குன்னு நினைச்சேன். ஓடி ஓடி வீடு வீடா ஆதரவு கேட்டேன். கம்பத்தைத் தோள்ல சுமந்தேன். கோடு பிடிக்கக் கயிறு கட்டினப்போ, தண்ணித் தொட்டிப் பக்கத்து முனையை நான்தான் பிடிச்சேன். "தொய்வு விடாதீங்க, கோடு கோணிடும்!"னு தலைவர் கத்தக் கத்த, கை எரிய இழுத்துப் பிடிச்சேன். மறு முனை மச்சான் கையில. நடுவுல கூடி நின்ன கூட்டம் மறைச்சதால அந்த முனை எனக்குத் தெரியல. கோடு முடிஞ்சதும் கடைக்குப் போயிட்டேன்.

சாயங்காலம் வந்து பார்க்கறேன், என் வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவுல ஆள் உயரத்துக்கு மேல கம்பி வேலி நிக்குது. அந்தப் பக்கம் என் மனைவி கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா. அவளுக்குப் பின்னாடி வீடு, வீட்டுக்குப் பின்னாடி கால்வாய்.

"என்னங்க, வேலி நம்ம வீட்டுக்கு முன்னாடி வந்திருக்கு?"ன்னா.

"பின்னாடியும் ஒண்ணு போடுவாங்களா இருக்கும்"னேன். நான் அந்த லட்சணத்துல இருந்தேன்.

நேரா தலைவர் வீட்டுக்குப் போனேன். மச்சானும் அங்கதான் டீ குடிச்சுக்கிட்டு இருந்தார். தலைவர் ரொம்ப மரியாதையா உட்கார வெச்சு, ஒரு பழைய விளம்பரத் தாளை மேஜையில விரிச்சார். குடியிருப்பு கட்டறதுக்கு முன்னாடி, மனை விக்கறதுக்காக அச்சடிச்ச கலர் தாள். ஒவ்வொரு மனையும் கட்டம் கட்டமா இருந்தது. கால்வாய் ஓரத்துல, என் வீடு இருக்க வேண்டிய இடத்துல, ஒரு படகு. படகுல அப்பா, அம்மா, பிள்ளை மூணு பேரும் பல்லைக் காட்டிச் சிரிக்கறாங்க.

"இதான் நம்ம மூல வரைபடம். இதுல உங்க வீடு எங்க இருக்கு, காட்டுங்க"ன்னார்.

"சார், இந்தப் படகுதான் சார் என் வீடு."

"படகுக்கு எதுக்கு வேலி? படகு தண்ணியில இருக்கறது."

"சார், தெருக்கோடிக்கு வந்து கண்ணால பாருங்க. சுவர் இருக்கு, கூரை இருக்கு, நான் வரி கட்டறேன்!"

"கண்ணால பார்த்துக் கோடு போட ஆரம்பிச்சா நாட்டுல ஒரு கோடு நேரா நிக்காது"ன்னார். "உங்க வீட்டைச் சுத்திப் போகணும்னா வேலி மூணு இடத்துல திரும்பணும். நான் சர்வீஸ்ல இருந்த வரைக்கும் ஒரு வேலிகூடத் திரும்பினதில்ல."

நான் மச்சான் முகத்தைப் பார்த்தேன். அந்த மனுஷன்தானே என் வாசல்ல நின்னு கயித்தோட மறு முனையைப் பிடிச்சது! என் கேட்டுல சாஞ்சுக்கிட்டே பிடிச்சிருப்பார். அவர் டீயை ஊதிக்கிட்டே இருந்தார். அது ஆறி ரொம்ப நேரம் ஆச்சு.

வெளியில வந்ததும் பிடிச்சுக்கிட்டேன். "என்ன மச்சான் இது? நீங்க இருந்துமா?"

"மாப்பிள்ளை, என் தங்கச்சியை நான் விட்டுடுவேனா? நான் சும்மா இருக்கல. தீர்மானத்துல முதல்ல உங்க குடும்பத்தைப் பத்தி 'கவலை'ன்னுதான் இருந்தது. நான் சண்டை போட்டு 'ஆழ்ந்த கவலை'ன்னு மாத்தியிருக்கேன்"னார். சொல்லும்போது அவருக்குக் குரலே தழுதழுத்தது.

வேலியில ஒரு கேட் வெச்சாங்க. அதுக்கு ஒரு வாட்ச்மேன் போட்டாங்க. மறுநாள் காலையில கடைக்குக் கிளம்பினேன். "யாரைப் பார்க்கணும்?"னு கேட்டார் வாட்ச்மேன்.

"யாரையும் பார்க்க வேண்டாம். வேலைக்குப் போறேன்."

"வெளியாள் உள்ளே வரணும்னா, உள்ளே யாராவது உங்களைத் தெரியும்னு சொல்லணும். நான் என்ன பண்றது, நேத்துதான் சேர்ந்தேன்."

அன்னையிலேர்ந்து நான் எங்க தெருவுக்கு விருந்தாளி. தினமும் மச்சான் வந்து, ஆமா, இவரைத் தெரியும்னு சொல்லணும். சில நாள் அவர் சங்க வேலையா இருப்பார். அந்த நாள்ல என்னை யாருக்கும் தெரியாது. நான் பவர் பார்த்து மாட்டின கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அந்தப் பக்கம் போறவங்ககூட என்னைக் கண்டுக்காம போவாங்க. கடைக்கு லேட்டாப் போய் முதலாளிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். முதலையால லேட்டுன்னு சொன்னா எந்த முதலாளிதான் நம்புவார்?

வேலியில ஒரு போர்டு மாட்டினாங்க. 'மறுபக்கம் உள்ளவற்றுக்கு உணவு கொடுக்காதீர்'. ஒரு நாள் வீட்டுல சர்க்கரை தீர்ந்துபோச்சு. டியூஷன் டீச்சர் பாவம்னு நினைச்சு, ஒரு கிண்ணத்துல எடுத்துட்டு வந்து கம்பி இடுக்கு வழியா என் மனைவிகிட்ட நீட்டினாங்க. வாட்ச்மேன் விசில் ஊதிட்டார். டீச்சர் பயந்துபோய்க் கிண்ணத்தைக் கீழ போட்டுட்டு ஓடிட்டாங்க. அப்புறம் வாட்ச்மேனே வந்து என் மனைவிகிட்ட பொறுமையா எடுத்துச் சொன்னாராம். "ஒருத்தர் கொடுத்தா எல்லாரும் கொடுப்பாங்கம்மா. அப்புறம் நீங்க இங்கேயே வந்து நிப்பீங்க."

ஞாயித்துக்கிழமைன்னா கூட்டம். மடக்கு நாற்காலி, பிஸ்கட், பைனாகுலர் சகிதமா வேலிக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துடுவாங்க, முதலை பார்க்க. முதலை என்னவோ எப்பவாவதுதான் கரையில ஏறி வாயைத் திறந்து வெச்சுக்கிட்டுக் கிடக்கும். மத்த நேரம் பார்க்க நாங்கதான் இருந்தோம். நான் பல் தேய்க்கறதை ஒரு குடும்பமே உட்கார்ந்து பார்த்தது. பல் டாக்டர் அங்கிருந்தே, "பிரஷ்ஷை மேலயும் கீழயும் ஓட்டுங்க"ன்னு குரல் கொடுத்தார். ஒரு சின்னப் பொண்ணு, "அப்பா, அந்த அங்கிள் ஏன் கூண்டுல இருக்காங்க?"ன்னு கேட்டது. "கூண்டுல இருக்கறது நாமதாம்மா. அங்கிள் சுதந்திரமா இருக்கார்"னு அந்த அப்பா சொன்னார். அடுத்த வாரம் சங்கத்துலேர்ந்து ஆள் வந்து, வெறும் பனியனோட நடமாடறதால பார்வையாளர்களுக்கு இடைஞ்சலா இருக்காம், கொஞ்சம் கவனிச்சுக்கங்கன்னு சொல்லிட்டுப் போனார்.

சிரிக்காதீங்க. ஒரு நாள் மத்தியானம் நான் கடையில இருக்கேன், மனைவி போன் பண்றா. துணி உலர்த்தப் பின்பக்கக் கதவைத் திறந்திருக்கா, படியில முதலை கிடக்குது. கதவைச் சாத்திட்டு, முன்பக்கமா ஓடி, கேட்டைத் தட்டியிருக்கா. வாட்ச்மேன் மச்சானுக்குப் போன் போட்டிருக்கார். மச்சான் சொன்னது: "அவசரப்பட்டுத் திறந்துடாதீங்க. தங்கச்சின்னு சலுகை காட்டினா நாளைக்கு ஊர் என்னைத்தான் பேசும். முதலை போனதும் முறைப்படி வரச் சொல்லுங்க." நான் சைக்கிளை மிதிச்சு வந்து சேர்ந்தப்போ, முதலை அது பாட்டுக்கு இறங்கிப் போயிருந்தது. அவ இன்னும் கேட்டைப் பிடிச்சுக்கிட்டே நின்னா. முதலை மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. அது என்கிட்ட கம்பத்தைத் தூக்கச் சொல்லல, கயித்தைப் பிடிக்கச் சொல்லல.

பொதுக்கூட்டத்துல பேசியே தீருவேன்னு நின்னேன். வேலியை என் வீட்டைச் சுத்திப் போடுங்க, இல்ல, எங்களை முதலையா எழுதிக்கோங்கன்னு கத்தினேன். எல்லாரும் தலை குனிஞ்சு டீ கிளாஸைப் பார்த்தாங்க. தலைவர் எழுந்து பதில் சொன்னார். அந்தப் பேச்சை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்.

"நண்பர் தம்மை முதலையாகப் பார்க்கிறார். வருத்தமில்லை. ஆனால் ஒன்று. இந்த வேலி யாரையும் வெளியே தள்ளவில்லை. வேலி, வேலி இருக்கும் இடத்தில் இருக்கிறது. அவர், அவர் இருக்கும் இடத்தில் இருக்கிறார். நடுவில் யார் தவறும் இல்லை. இன்னொன்றையும் சொல்கிறேன். வேலி போட்ட நாளிலிருந்து இங்கே ஒரு முதலைகூட நுழையவில்லை. ஏன்? அதற்குத் தேவையான எல்லாம் அந்தப் பக்கமே கிடைக்கிறது. அந்த வகையில் நண்பரின் குடும்பம் இந்தக் குடியிருப்புக்குச் செய்துவரும் சேவையை நாம் மறக்கக் கூடாது."

கைத்தட்டல் அடங்கவே இல்ல. மச்சான் என் முதுகுல தட்டி, "எவ்வளவு பெரிய வார்த்தை சொல்லிட்டார் பாருங்க!"ன்னார்.

அப்புறம்தான் 'முதலையில்லாக் குடியிருப்பு' விழா வந்தது. சங்கக் கட்டடத்துக்கு முன்னாடி ஒரு அலங்காரக் குளம் இருக்கு, பாசி மூடின குளம். அதைச் சுத்தி நாற்காலி போட்டாங்க. எனக்கும் மனைவிக்கும் அழைப்பு இல்ல. எங்க வாசல்ல நின்னு வேலி வழியாப் பார்த்துக்கிட்டு இருந்தோம். தலைவர் ஸ்கேலைத் தூக்கிப் பேச ஆரம்பிச்சார். "இந்த நேர்கோடு இருக்கும்வரை..."னு சொல்லி நிறுத்தினார். குளத்துப் பாசி விலகிச்சு. ஒரு மூக்கு தெரிஞ்சது. அப்புறம் முதுகு தெரிஞ்சுக்கிட்டே இருந்தது, முடியவே இல்ல. சுவர் விழுந்த அன்னைக்கே கால்வாயிலேர்ந்து ஏறி வந்து குளத்துல இறங்கினதாம் அது. திரும்பிப் போகத்தான் நினைச்சிருக்கும். போறதுக்குள்ள நாங்க வேலி போட்டுட்டோம்.

அப்புறம் ஓடினாங்க பாருங்க! பிள்ளைங்க மட்டும் டீச்சர் சொல்லிக் கொடுத்த மாதிரி வளைஞ்சு வளைஞ்சு ஓடினாங்க. பெரியவங்க எல்லாரும் ஒரே நேர்கோடா கேட்டுக்குத்தான் ஓடி வந்தாங்க. வாட்ச்மேன் யாரையும் யாரைப் பார்க்கணும்னு கேட்கல. முதல்ல வெளியில குதிச்சவரே அவர்தான். கடைசி ஆள் வந்ததும் கேட்டைப் பூட்டினாங்க.

கேட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கற ஒரே வீடு என் வீடு. மச்சான் மூச்சு வாங்க வாசல்ல வந்து நின்னார். "மாப்பிள்ளை..."ன்னார். மனைவி என்னைப் பார்த்தா. நான் என்ன பண்ணியிருக்கணும்? நீங்களே சொல்லுங்க. பிள்ளைங்க எல்லாம் அழுதுக்கிட்டு நிக்குது. கதவை அகலத் திறந்துட்டேன். "வாங்க, வாங்க, உள்ள வாங்க"ன்னு ஒவ்வொருத்தரையாக் கையைப் பிடிச்சு ஏத்தினேன். பொய் சொல்வானேன், உள்ளுக்குள்ள எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. கட்டில் மேல, அடுப்பு மேடை மேல, தையல் மெஷின் மேல எல்லாம் ஆளுங்க. இருக்கற பாத்திரத்துல எல்லாம் டீ போட்டு மனைவி கொடுத்துக்கிட்டே இருந்தா. பல் டாக்டர் என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டார். "உங்களை நாங்க புரிஞ்சுக்கல"ன்னு டீச்சர் அழுதாங்க. சரி, போனது போகட்டும்னு நினைச்சேன்.

தலைவர் என் சாப்பாட்டு மேஜைக்குப் பின்னாடி போய் உட்கார்ந்தார். எவர்சில்வர் டம்ளரை ஸ்கேலால தட்டினார்.

"எல்லாரும் இருக்கோம். அவசரக் கூட்டம் போட இதைவிட நல்ல நேரம் கிடைக்காது"ன்னார். அப்புறம் என்னைப் பார்த்து, ஏதோ ஞாபகம் வந்த மாதிரி, மச்சான் காதுல என்னவோ சொன்னார்.

மச்சான் கூட்டத்தை விலக்கிக்கிட்டு வந்து என் தோள்ல கை போட்டார். "ஒரு சின்ன விஷயம் மாப்பிள்ளை. தப்பா எடுத்துக்காதீங்க. கூட்டம் நடக்கும்போது வெளியாளுங்க உள்ள இருக்கக் கூடாதுன்னு விதி. கணக்குப்படி நீங்க இன்னும் விருந்தாளிதானே? ஒரே நிமிஷம். கூட்டம் முடிஞ்சதும் கூப்பிடறேன்."

"மச்சான், இது என் வீடு."

"அதை யார் இல்லன்னா? உங்க வீடுன்றதாலதான் இவ்வளவு உரிமையாக் கேட்கறோம்."

"அப்ப உங்க தங்கச்சி?"

"அவ செயலாளர் குடும்பம். அவ இருக்கலாம்."

எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க, ரொம்ப அன்பாத்தான் சிரிச்சாங்க. இவ்வளவு பேர் சிரிக்கும்போது நான் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்க முடியுமா? ஒரு நிமிஷம்தானேன்னு வாசல்ல இறங்கி நின்னேன். கதவைச் சாத்தினாங்க. தாழ் போடற சத்தம் கேட்டது.

படியில உட்கார்ந்தேன். வீட்டோரமா எட்டிப் பார்த்தா, பின்னாடி கால்வாய்க் கரையில பழைய முதலை ஏறிக் கிடந்தது. உள்ளே தலைவர் குரல் நீளமா ஓடிக்கிட்டு இருந்தது. "இடவசதி... காற்றோட்டம்... வெளியில் பழகிய அனுபவம் நண்பருக்கு மட்டுமே..."ன்னு துண்டு துண்டாக் காதுல விழுந்தது. அப்புறம் மச்சான் எண்ணற சத்தம் மட்டும். அப்புறம் கைத்தட்டல்.

ஜன்னல் கொஞ்சமாத் திறந்தது. என் மனைவி.

"கூட்டம் முடிஞ்சுதா?"ன்னேன்.

"முடிஞ்சுது. முதலைங்க பிடிபடற வரைக்கும் கதவைத் திறக்கக் கூடாதுன்னு முடிவாயிடுச்சு. நீங்க பண்ணை வரைக்கும் நடந்து போய் ஆளைக் கூட்டிட்டு வரணுமாம். உங்களுக்கு ஒருமனதா நன்றி சொல்லியிருக்காங்க."

"ஒருமனதாவா?" "நீயும் கை தூக்கினியா?"

அவ ஜன்னல் கம்பியைச் சுரண்டிக்கிட்டு நின்னா. "எல்லாரும் தூக்கினாங்கங்க. என் கை மட்டும் கீழ இருந்தா நல்லாவா இருக்கும்? அண்ணன் வேற எண்ணிக்கிட்டே வந்து என்கிட்ட நின்னுட்டார்."

திட்டணும்னு வாயைத் திறந்தேன். கரையில கிடந்த முதலை மெல்லத் தலையைத் திருப்பிச்சு.

"சரி, போறேன். வெறுங்காலோட நிக்கறேன் பாரு. எல்லார் செருப்பையும் உள்ள எடுத்து வெச்சப்போ என்னோடதையும் சேர்த்து வெச்சுட்டாங்க. அதை மட்டும் இப்படிக் கம்பி வழியாக் கொடு"ன்னேன்.

அவ குனிஞ்சு பார்த்தா. செருப்பு அவ காலடியிலதான் கிடந்திருக்கணும். நிமிர்ந்து திரும்பி உள்ளே பார்த்தா, மறுபடி என்னைப் பார்த்தா.

"ஒரு நிமிஷம் இருங்க. அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்"ன்னா.